ஒரு ஜோடி பூட்ஸுக்கு யார் யார் விலை கொடுத்தார்கள்?

1/
"டாக்டர், தினமும் பைக்லதான் வேலைக்குப் போறேன். மழை வெயில் தாங்குற மாதிரி ஒரு நல்ல லெதர் பூட்ஸ் வேணும். ஒண்ணு 1,500 ரூபாய், இன்னொண்ணு 9,000. ரெண்டுலயும் லெதர்னுதான் போட்டிருக்கு. எதை வாங்கலாம்?"

போன வாரம் ஒரு தம்பி இன்பாக்ஸில் கேட்டது. ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனா இந்தக் கேள்விக்குப் பின்னால் 150 வருட வரலாறு இருக்கு. அதில் நம்ம பாலாறும் வருது. பொறுமையா படிங்க மக்களே.

2/
முதலில் பூட்ஸைத் தலைகீழாகத் திருப்புங்க. மேலே இருக்கும் தோலும் கீழே இருக்கும் சோலும் எப்படிச் சேர்ந்திருக்கு? ஒட்டியிருக்காங்களா, தைச்சிருக்காங்களா?

சோல்தான் முதலில் தேயும். அதை மாற்ற முடிந்தால் பூட்ஸ் பிழைக்கும். முடியலைன்னா, மேல்தோல் எவ்வளவு நல்லா இருந்தாலும் குப்பைக்குத்தான் போகும். ஷூவோட ஆயுசு பெரும்பாலும் இந்த இணைப்பில்தான் இருக்கு.

3/
19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இது முழுக்க கைவேலை. 1858ல் அமெரிக்காவின் லைமன் பிளேக் என்பவர் சோலைத் தைக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த உரிமையை கார்டன் மெக்கே என்ற தொழிலதிபர் விலைக்கு வாங்கினார்.

1861ல் அங்கே உள்நாட்டுப் போர் வெடித்தது. ராணுவத்துக்கு பூட்ஸ் குவியல் குவியலாகத் தேவைப்பட்டது. இயந்திரத் தையல் பரவியது அப்படித்தான்.

4/
பிளேக் தையலில் ஒரு குறை. ஊசி உள்தளத்திலிருந்து வெளிசோல் வரை நேராகத் துளைத்துப் போகும். அந்தத் துளை வழியா தண்ணீரும் உள்ளே வரும்.

1870களில் சார்லஸ் குட்இயர் ஜூனியர் இதற்கு வேறு வழியை இயந்திரத்தில் கொண்டு வந்தார். மேல்தோலையும் உள்தளத்தையும் சுற்றி ஒரு தோல் பட்டையைத் தைப்பது. அதன் பெயர் வெல்ட். சோலை அந்தப் பட்டையோடு மட்டும் தனியாகத் தைப்பது. சோல் தேய்ந்தால் வெளித்தையலைப் பிரித்து, மேல்தோலைத் தொடாமலேயே புது சோல் போடலாம்.

(டயர் கம்பெனி இவருடையது இல்லை. ரப்பரை வல்கனைஸ் செய்யும் முறைக்குப் பெயர்போன சார்லஸ் குட்இயரின் மகன் இவர். டயர் கம்பெனி 1898ல் வேறொருவர் தொடங்கி, அப்பாவின் நினைவாகப் பெயர் வைத்தது.)

5/
இன்னொரு கை மட்டும் மிச்சமிருந்தது. மேல்தோலை கால் வடிவ மரக்கட்டை மேல் இழுத்து மடித்துப் பொருத்தும் வேலை. இயந்திரத்தால் இது முடியவே முடியாது என்று எல்லோரும் நம்பினார்கள்.

டச்சு காலனியான சுரினாமிலிருந்து பிழைப்பு தேடி வந்த யான் மாட்செலிகர் என்ற கறுப்பினத் தொழிலாளி 1883ல் அதையும் செய்து காட்டினார். கைதேர்ந்தவர் ஒரு நாளில் 50 ஜோடி இழுத்த இடத்தில், இயந்திரம் 150 முதல் 700 ஜோடி வரை இழுத்தது. சாமானியர்களும் வாங்கும் விலைக்கு ஷூ இறங்கியது.

1889ல், 36 வயதில், அவர் காசநோயில் இறந்தார். அப்போது காசநோய்க்கு மருந்து கிடையாது.

6/
இதுவரை சோலை இணைத்த இயந்திரங்கள் தைத்தவை. 20ஆம் நூற்றாண்டில் பசை வந்தது. சோலை ஒட்டிவிட்டால் வேலை சீக்கிரம் முடியும், எடை குறையும், விலையும் குறையும். இன்று கடையில் பார்ப்பதில் பெரும்பாலானவை ஒட்டியவைதான்.

கல்யாணத்துக்கு வாங்கி பீரோவில் வைத்த ஷூ, மூணு நாலு வருஷம் கழித்து எடுத்துப் போட்டதும் சோல் பிட்டு மாதிரி உதிருதா? அது பாலியூரித்தேன் சோல். காற்றில் இருக்கும் ஈரம் அதன் மூலக்கூறுகளை மெல்ல மெல்ல உடைக்கும். போடாமல் வைத்திருந்தாலும் உடையும். நம்ம ஊர் புழுக்கத்துக்கு இது சாதாரணம்.

7/
சரி, சோல் கதை முடிந்தது. இனி மேல்தோல்.

பச்சைத் தோல் அழுகும். அழுகாமல் இருக்க அதைப் பதனிட வேண்டும். நம்ம ஊரில் இதற்கு ஆவாரம் பட்டையும் கடுக்காயும் பயன்பட்டன. ஆவாரம்பூ தெரியும்தானே? பொங்கல் காப்பு கட்டும்போது வைப்போமே, அதே செடி. அதன் பட்டையில் டானின் இருக்கிறது. தோலின் புரதத்தோடு அது பிணைந்து, தோலை அழுகாமல் காக்கும்.

இப்படிப் பாதி பதனிட்ட தோல் மெட்ராஸ் துறைமுகம் வழியா லண்டனுக்குப் போனது. அங்கே அதன் பெயர் 'ஈஸ்ட் இந்தியா' தோல். பெரியமேடு தோல் மண்டிகளும் வாணியம்பாடி, ஆம்பூர், திண்டுக்கல் பதனிடும் ஆலைகளும் வளர்ந்தது இந்த வியாபாரத்தில்தான்.

8/
முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்கு மேல்தோலாக இது போனது. தேவை அவ்வளவு இருந்ததால், போரின் நடுவில் அரசே மெட்ராஸில் தோலைக் கொள்முதல் செய்ய ஆரம்பித்தது.

ஐரோப்பாவின் பதுங்குகுழிச் சேற்றில் நின்ற கால்களுக்கு மேல் நம்ம ஊர் ஆவாரம் பட்டையின் வேலை இருந்தது. பள்ளிப் பாடத்தில் இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

9/
இதே காலத்தில் இன்னொரு முறை வந்துகொண்டிருந்தது. 1884ல் நியூயார்க்கில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் குரோமியம் உப்புகளால் பதனிடும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். 1893ல் மார்ட்டின் டென்னிஸ் அதை இன்னும் எளிதாக்கினார்.

பட்டையில் வாரக்கணக்கில் ஊற வேண்டிய தோல், குரோமில் ஓரிரு நாளில் தயார். மென்மை, தண்ணீரையும் சூட்டையும் தாங்கும், எந்தச் சாயமும் ஏறும். இன்று உலகத் தோலில் பெரும்பகுதி குரோம் தோல்தான்.

10/
மெட்ராஸுக்கு இதைக் கொண்டு வந்தவர் ஆல்ஃபிரெட் சாட்டர்டன். 1903 வாக்கில் மெட்ராஸ் கலைப் பள்ளியில் சோதனையைத் தொடங்கினார். எதற்காகத் தெரியுமா? கவலை ஏற்றத்துக்கு!

மாடு கட்டி கிணற்றில் தண்ணீர் இறைக்கும் தோல் பையை ஞாபகம் இருக்கா? தாத்தாக்களைக் கேளுங்க. எப்பவும் நனைந்தே கிடக்கும் அந்தத் தோல் சீக்கிரம் கெட்டுவிடும். குரோம் தோல் கூடுதல் காலம் தாங்கியது. விவசாயியின் கிணற்றுக்கு உதவத்தான் குரோம் இங்கே வந்தது. இந்த வரியை மனசுல வெச்சுக்குங்க.

11/
1948ல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது. 1970களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி, பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டு வந்தது.

நோக்கம் நல்லதுதான். பாதி வேலையை மட்டும் செய்து லாபத்தை வெளிநாட்டுக்கு ஏன் விட வேண்டும்? முழுத் தோலாக, ஷூவாக விற்றால் இங்கே வேலை பெருகும். பெருகவும் செய்தது. கூடவே குரோமும் பெருகியது. கழிவுநீர் எங்கே போகும் என்ற கேள்விக்கு மட்டும் அப்போது பதில் இல்லை.

12/
அது பாலாற்றுக்குப் போனது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தந்த தீர்ப்பை இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். அதில் இருப்பவை: ஒரு கிலோ தோல் தயாரிக்க ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர். முழுதாகவோ பகுதியாகவோ விவசாயத்துக்கு லாயக்கில்லாமல் போன நிலம் சுமார் 35,000 ஹெக்டேர். திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் ஆய்வு செய்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன.

விவசாயியின் கிணற்றுக்கு உதவ வந்த அதே முறை.

13/
'மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும்' என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. ஒவ்வொரு ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். சுத்திகரிப்பு நிலையம் இல்லாத ஆலைகளுக்குப் பூட்டு.

ஆனாலும் 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டையில் பொது சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் அந்தச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்றுக்காகத் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது.

14/
"அப்போ குரோம் வேண்டாம், ஆவாரம் பட்டைத் தோலே வாங்கலாம், சரியா டாக்டர்?"

அவசரப்படாதீங்க. பாலாற்று நிலத்தைக் கெடுத்ததில் உப்புக்கும் பெரிய பங்கு உண்டு. பச்சைத் தோல் கெடாமல் இருக்க அள்ளிப் போடும் உப்பு அது. எந்த முறையில் பதனிட்டாலும் அதைக் கழுவித்தான் ஆக வேண்டும். பட்டைக்காக நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வளர்த்த வாட்டில் மரம் (நீலகிரியில் சீகை மரம் என்பார்கள்) சோலைக்காட்டுப் புல்வெளிகளை விழுங்கிவிட்டது. கை சுத்தமான தோல் என்று ஒன்று கிடையாது.

15/
உங்க காலுக்கு என்ன ஆகும்? ஒரு மருத்துவராக இதைச் சொல்லியே ஆகணும்.

பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். அது சரியாகக் கையாளப்படாவிட்டால் தோலுக்குள் ஆறு இணைதிறன் குரோமியமாக மாறலாம். அதுதான் அலர்ஜிக்குப் பேர்போனது. 2015 மே முதல் ஐரோப்பிய ஒன்றியம் சருமத்தில் படும் தோல் பொருட்களில் இதைக் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறது.

பாதத்தின் மேல்புறம் மட்டும் அரிப்பு, கருப்பு, தடிப்பு. செருப்பு வார் படும் இடத்தில் வரைந்து வைத்த மாதிரி புண். புறநோயாளிகள் பிரிவில் இது புதுசே இல்லை. பசையும் ரப்பரும்கூட இதைச் செய்யும். படர்தாமரைன்னு நினைச்சு மெடிக்கலில் களிம்பு வாங்கிப் பூசாதீங்க. தோல் மருத்துவரைப் பாருங்க.

16/
இந்தக் கதையில் வேலூர் மாவட்டத்துக்கு இன்னொரு முகமும் உண்டு.

1946ல் வேலூர் சிஎம்சிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்கள் ஏன் ஆறவில்லை என்று ஆராய்ந்தார். சதை தானாக அழுகவில்லை. உணர்ச்சி இல்லாத கால், வலி தெரியாமல் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தம் வாங்கியதுதான் காரணம். அதற்காக அங்கே உருவானதுதான் எம்சிஆர் என்ற மென்ரப்பர் செருப்பு. இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு நாங்க எழுதிக் கொடுப்பதும் அதுதான்.

ஆகவே, சர்க்கரை நோயால் கால் மரத்துப் போனவர்களுக்கு: கடினமான பூட்ஸ் "போடப் போட பழகிடும்" என்று யார் சொன்னாலும் நம்பாதீங்க. உங்களுக்குத் தெரியாமலே புண் வந்துவிடும்.

17/
சரி, தம்பியின் கேள்விக்குப் பதில்.

சோல் தைத்ததா என்று பாருங்க. ஓரத்தில் தையல் மாதிரி அச்சு மட்டும் போட்டு ஏமாற்றுவதும் உண்டு. நூல் நிஜமா இருக்கான்னு நகத்தால் தொட்டுப் பாருங்க. "சோல் மாத்திக் கொடுப்பீங்களா?" என்று கடையில் கேளுங்க. முழிச்சாங்கன்னா கிளம்பிடுங்க.

18/
"லெதர்" என்ற ஒரு வார்த்தை போதாது. தோலின் மேல்படலம்தான் வலுவானது. அடிப்படலத்தை உரித்தெடுத்து மேலே பிளாஸ்டிக் பூச்சு கொடுத்தாலும் லெதர் என்றுதான் விற்பார்கள். மடித்துப் பாருங்க. நல்ல தோலில் மெல்லிய சுருக்கம் விழும். பூச்சு என்றால் நாளடைவில் உரியும்.

யார் பதனிட்டது, கழிவுநீர் எங்கே போகுது என்று வெளிப்படையாகச் சொல்கிற தயாரிப்பாளரைத் தேடுங்க. மாலையில் போய் வாங்குங்க, கால் அப்போதான் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஒரே ஜோடியைத் தினமும் போடாதீங்க, வியர்வை காய ஒரு நாள் விடுங்க.

19/
9,000 கையில் இல்லையா? தப்பே இல்லை. இருக்கிற ஷூவைத் துடைத்து, காய வைத்து, தைத்து இன்னும் ஒரு வருஷம் ஓட்டினாலே ஒரு ஜோடிக்கான தண்ணீரும் உப்பும் குரோமும் மிச்சம்.

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது வாங்கிய மலிவு ஷூ முதல் மழையிலேயே வாயைப் பிளந்தது. ஆஸ்பத்திரி வாசலில் செருப்பு தைக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், இதை ஒட்டத்தான் முடியும். தைக்கிறதுக்கு இதுல இடமே வைக்கல."

20/
தோலைத் தொட்டு வேலை செய்தவர்களை இந்தச் சமூகம் தலைமுறை தலைமுறையாக ஊருக்கு வெளியே நிறுத்தியது. அவர்கள் செய்ததை மட்டும் காலில் போட்டு ஊருக்குள் நடந்தது.

மலிவான பூட்ஸின் மிச்ச விலையை ஒரு ஆறும், 35,000 ஹெக்டேர் நிலமும், தூக்கத்தில் போன பத்து உயிர்களும் கட்டியிருக்கின்றன. விலை அதிகம் என்பதால் மட்டும் அந்தக் கணக்கு தீர்ந்துவிடாது. ஒரு ஜோடியைப் பத்து வருஷம் போட்டால் கொஞ்சம் குறையும்.

தைக்க இடம் வைத்த பூட்ஸாகப் பார்த்து வாங்குங்க தம்பி. அதைத் தைத்துக் கொடுக்கிறவரிடம் பேரம் பேசாதீங்க.