ஆற்றுப்படை முதல் கைத்தொலைபேசி வரை: பயணத் தகவலும் விளம்பரமும்

வழிகாட்டும் மொழியும் புகழ்ந்துரைக்கும் மொழியும் ஒன்றாய்க் கலந்து வழங்குதல் தமிழுக்குப் புதியதொன்றன்று. பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகளாகும். பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் இன்னொருவனுக்கு வழி கூறும் முறையில் இவற்றுட் பெரும்பாலானவை அமைந்துள்ளன. வழி கூறும் சாக்கில் வள்ளலின் கொடையும் வீரமும் பேசப்படுகின்றன. இன்றைய வணிக வழக்கிற் சொல்வதாயின், நன்னனைப் பற்றிய விளம்பரம் ஒன்று பயணக் குறிப்பின் வடிவில் அமைந்திருக்கின்றது. ஆயினும் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாத்தை ஊன்றிப் படிப்போர் ஓர் உண்மையைக் காண்பர். 583 அடிகளைக் கொண்ட அப்பாட்டில், பாம்பு உறையும் இடங்களும், வழுக்கும் பாறைகளும், பன்றிக்கு வைத்த பொறிகளும், தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கற்களும் ஒளிவின்றிக் கூறப்படுகின்றன. வள்ளலைப் புகழவேண்டும் என்பதற்காக வழியின் இடர் மறைக்கப்படவில்லை. கூறுவோன் அவ்வள்ளலிடம் பரிசில் பெற்றவன் என்பதும் கேட்போனுக்குத் தெரியும். இவ்விரு பண்புகளுமே ஆற்றுப்படையை நம்பத்தக்க வழிகாட்டியாக்கின.

இன்று இவ்வினா வேறொரு வடிவில் எழுந்துள்ளது. பஸ், புகையிரதம் முதலியவற்றின் நேரங்களையும் வழித்தடங்களையும் கைத்தொலைபேசியிற் காட்டும் செயலிகள் உலகெங்கும் பரவியுள்ளன. இவற்றை நடத்துவோர் வருவாய்க்கு விளம்பரத்தை நாடுகின்றனர். அவ்விளம்பரம் தனிப்பெட்டியாகத் திரையின் அடியில் நில்லாது, தகவலின் தோற்றத்தையே பூண்டு அதன் நடுவே இடம்பெறும்போது ஆங்கில வழக்கில் அதனை ‘நேட்டிவ்’ விளம்பரம் என்பர். இச்சொல் 2011 அளவில் வழக்கிற்கு வந்தது. உள்ளுறை உவமம் அறிந்த தமிழ் மாணவர் அதனை ‘உள்ளுறை விளம்பரம்’ என்று அழைப்பது பொருந்தும். பெயர் புதிதாயினும் பொருள் பழையது. அதன் வரலாற்றை உன்னிச்சை போன்றதொரு கிராமத்தின் நிலையினின்று நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கொழும்பிலோ சென்னையிலோ நின்று நோக்கினால் தென்படாத சில உண்மைகள் அங்கு நின்று நோக்குங்கால் தென்படும்.

மட்டக்களப்பு வாவி இப்பிரதேசத்தை எழுவான்கரை, படுவான்கரை என இரண்டாகப் பிரிக்கின்றது. நகரும் சந்தையும் பெரிய வைத்தியசாலையும் கச்சேரியும் கிழக்கே அமைந்துள்ளன. வயல்களும் குளங்களும் மேய்ச்சல் நிலங்களும் மேற்கே பரந்துள்ளன. உன்னிச்சை மேற்கில், பெருங்குளம் ஒன்றை அண்டிய ஊர். அக்குளத்து நீர் இன்று குழாய்வழியாக நகரத்தார்க்கும் குடிநீராகச் செல்கின்றது. நீர் சென்று சேர்வது போல் மனிதர் எளிதிற் சென்று சேர்தல் நெடுங்காலம் இயலவில்லை. வாவியின் பல இடங்களில் துறைகளே போக்குவரத்தின் உயிராயிருந்தன. மண்முனைத்துறை, அம்பிளாந்துறை என்னும் பெயர்களே இதற்குச் சான்று. ஆளையும் வண்டியையும் ஏற்றிச்செல்லும் மிதவையை இப்பகுதியார் ‘பாதை’ என்றே அழைத்தமை கருதத்தக்கது. நீரின்மேல் மிதப்பதையும் பாதை என்று சொன்ன மக்களுக்குப் ‘பாதை எப்போது வரும்’ என்பதே முதற் பயணத் தகவல். மண்முனையில் 2014 ஆம் ஆண்டிலேதான் பாலம் திறக்கப்பட்டது. உன்னிச்சைக்குச் செல்வோர் வலையிறவுப் பாலத்தைக் கடந்து, வவுணதீவு, ஆயித்தியமலை வழியாகச் செல்வர். கிழக்கில் 2007 வரை நீடித்த போர்க்காலத்தில், பஸ் எத்தனை மணிக்கு என்பதன் முன்னர், பாதை திறந்திருக்கின்றதா என்பதையே மக்கள் கேட்டறிய வேண்டியிருந்தது. இத்தகவலைத் தந்தவர்கள் நடத்துனரும், தேநீர்க் கடைக்காரரும், எதிரே வந்த பயணிகளுமே. வாய்மொழித் தகவலுக்கு ஒரு காவல் உண்டு. பொய் சொன்னவனை மறுநாளும் அதே சந்தியிற் காணலாம்.

அச்சேறிய தகவலுக்கு அக்காவல் இல்லை. இங்கிலாந்தில் ஜோர்ஜ் பிராட்ஷோ 1839 இல் புகையிரத நேர அட்டவணைகளைத் தொகுத்து வெளியிட்டார். அவர் தொடங்கிய வழிகாட்டி 1961 வரை வெளிவந்தது. விடுதிகளும் மருந்து வணிகரும் தந்த விளம்பரங்கள் அதன் பக்கங்களை நிறைத்தன. எனினும் அட்டவணைப் பக்கம் வேறு, விளம்பரப் பக்கம் வேறு. விளம்பரம் தந்த விடுதிக்காரருக்காக எந்தப் புகையிரதமும் அட்டவணையில் முன்னே நகர்த்தப்படவில்லை. பிரான்சில் டயர் உற்பத்தி செய்த மிச்செலின் சகோதரர்கள் 1900 இல் வேறொரு வழியைக் கண்டனர். வாகனம் செலுத்துவோர்க்கு எண்ணெய் கிடைக்கும் இடம், திருத்துமிடம், தங்குமிடம் ஆகியவற்றை நூலாக்கி இலவசமாக வழங்கினர். மக்கள் மிகுதியாகப் பயணஞ்செய்தால் டயர் மிகுதியாகத் தேயும் என்பதே அதன் உள்ளுறை! நூல் முழுவதுமே விளம்பரமாயினும், அட்டையில் உற்பத்தியாளரின் பெயர் வெளிப்படையாய் நின்றமையாற் படிப்போர் ஏமாறவில்லை.

இலங்கையில் 1864 இற் புகையிரதம் ஓடத் தொடங்கியது. மட்டக்களப்பை அது 1928 இலேயே அடைந்தது. தண்டவாளம் எழுவான்கரையோடு நின்றுவிட்டமையாற் படுவான்கரைக்கு வீதியே கதியாயிற்று. பஸ் போக்குவரத்துத் தனியார் கைகளில் இருந்த காலத்தில், வருவாய் மிக்க வழிகளிற் போட்டியும் ஏனைய வழிகளிற் புறக்கணிப்பும் நிலவின. 1948 இல் ரத்தினம் அறிக்கையும், 1954 இல் சன்சோனி அறிக்கையும், 1956 இல் ஜயரத்ன பெரேரா அறிக்கையும் இத்துறையை ஆராய்ந்தன. 1958 சனவரி முதலாம் நாள் இலங்கைப் போக்குவரத்துச் சபை நிறுவப்பட்டது. இலாபமற்ற வழியிலும் பஸ் ஓடவேண்டும் என்பது அதன் கொள்கைகளுள் ஒன்று. கிராமப்புறத்து மக்கள் அச்சபையை இன்றும் நன்றியோடு நினைப்பதற்கு இதுவே காரணம்.

அதே சபையின் பஸ்கள் மற்றொரு பாடத்தையும் தந்தன. வாகன இலக்கத் தகடுகளிற் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்தைப் பொறிக்கும் முறை 1957 இல் நடைமுறைக்கு வந்தது. அத்தகடுகளைத் தாங்கிய பஸ்கள் 1958 இல் தமிழ்ப் பகுதிகளுக்கு அனுப்பப்பட்டபோது தமிழரசுக் கட்சி எதிர்ப்பியக்கம் நடத்தியது. எழுத்தின்மீது தார் பூசப்பட்டது. தென்னிலங்கையிலோ தமிழ்ப் பெயர்ப்பலகைகள்மீது தார் பூசப்பட்டது. இதனை மொழிப் பிரச்சினையாக மட்டும் நோக்குதல் வழக்கம். பயணத் தகவலின் வரலாற்றிலும் அதற்கோர் இடமுண்டு. இலக்கத்தகடு என்பது வண்டியை இனங்காண்பதற்குரிய தகவல். அத்தகவலின் இடத்தில் அதிகாரத்தின் செய்தியொன்று புகுத்தப்பட்டது. பஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டப்படும் எத்தனையோ சுவரொட்டிகளை மக்கள் பொருட்படுத்துவதில்லை. தகவல் நிற்கவேண்டிய இடத்திற் பிறிதொன்று நின்றமையே அவர்களைக் கொதிக்கச் செய்தது.

வானொலியில் நிலைமை வேறாக இருந்தது. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950 இல் தொடங்கியது. இந்திய வானொலியிலே திரைப்பாடல்கள் விலக்கப்பட்டிருந்த காலத்தில், அச்சேவையின் இந்தி ஒலிபரப்பையும் தமிழ் ஒலிபரப்பையும் கடல் கடந்து கேட்டோர் பலர். அமீன் சயானி நடத்திய ‘பினாகா கீத்மாலா’ பற்பசை ஒன்றின் பெயரையே நிகழ்ச்சிக்குச் சூட்டியிருந்தது. நிகழ்ச்சிக்குப் பணம் தந்தவர் யார் என்பது தலைப்பிலேயே ஒலித்தது. விளம்பரதாரர் பணத்தில் நிகழ்ச்சி நடத்துவதால் மட்டுமே நேயர் ஏமாற்றப்படுவதில்லை என்பதற்கு இது நல்ல சான்று. மேலும், விரும்பாதவர் பெட்டியை மூடிவிடலாம்.

மூடமுடியாத வானொலியும் ஒன்று இருந்தது. அமெரிக்கத் தலைநகரான வாசிங்டனில் பஸ்களையும் டிராம் வண்டிகளையும் நடத்திய நிறுவனம் 1948 இல் வண்டிகளுக்குள் ஒலிபெருக்கிகளைப் பொருத்தி இசையோடு விளம்பரங்களையும் ஒலிபரப்பியது. பயணிகள் இருவர் வழக்குத் தொடுத்தனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1952 இல் நிறுவனத்துக்குச் சார்பாக முடிந்தது. நீதிபதி டக்ளஸ் மட்டும் மாறுபட்டார். வேறு வழியின்றி அவ்வண்டியில் ஏறவேண்டியவனைக் கேட்கும்படி கட்டாயப்படுத்தல் ஆகாது என்பது அவர் கருத்து. நீதிபதி பிராங்க்பேர்ட்டர், தாமும் அவ்வொலியால் வருந்தியவர் என்பதனால் வழக்கிலிருந்தே விலகிக்கொண்டார். பெரும்பான்மையினரின் தீர்ப்பைவிட இவ்விலகலே பயணிகளின் மனநிலையைத் தெளிவாகக் காட்டுகின்றது எனலாம்.

இருப்பினும் ஒலிபெருக்கி விளம்பரம், தான் விளம்பரம் என்பதை மறைக்கவில்லை. மறைந்து நின்ற விளம்பரத்தின் முழு வலிமையையும் உலகிற்குக் காட்டியவை விமானப் பயணப் பதிவுக் கணினிகளே. அமெரிக்கன் ஏயர்லைன்ஸ் உருவாக்கிய ‘சேபர்’, யுனைட்டட் நிறுவனத்தின் ‘அப்பலோ’ ஆகியவை 1976 முதல் பயண முகவர் நிலையங்களில் வைக்கப்பட்டன. முகவர் ஓர் ஊரின் பெயரைத் தட்டினால் விமானங்களின் வரிசை திரையில் தோன்றும். அவ்வரிசையில் கணினிக்கு உரிய நிறுவனத்தின் விமானங்கள் முன்னே நின்றன. கட்டணம் செலுத்திய ஏனைய நிறுவனங்களுக்கும் நல்ல இடம் கிடைத்தது. கட்டாதவை, நேரத்தாலும் விலையாலும் சிறந்தவையாயினும், அடுத்த திரைக்குத் தள்ளப்பட்டன. பெரும்பாலான பயணச்சீட்டுகள் முதற் திரையிலிருந்தே விற்கப்பட்டன. பொய் என்று சொல்லத்தக்க ஒரு சொல்லும் அங்கு இல்லை. வரிசையே விளம்பரமாகிவிட்டது. அமெரிக்க சிவில் விமானச் சபை 1984 இல் இப்பாரபட்சத்தைத் தடைசெய்தது. ஐரோப்பிய சமூகமும் 1989 இல் நடத்தை விதிகளை வகுத்தது.

இன்றைய செயலிகள் பிராட்ஷோவின் வழியைவிடச் சேபரின் வழிக்கே நெருக்கமானவை. 2005 இல் கூகிள் நிறுவனம் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து அமைப்போடு சேர்ந்து பஸ் வழித்தடங்களைக் காட்டத் தொடங்கியது. அதன் பயனாக, எந்த ஊரும் தன் நேர அட்டவணையைப் பொதுவான ஒரு வடிவில் எழுதி வழங்கும் முறை உருவானது. 2016 இல் அந்நிறுவனம், கட்டணம் செலுத்தும் கடைகளின் சின்னங்களை வரைபடத்திலேயே காட்டும் திட்டத்தை அறிவித்தது. செயலியின் விளம்பரம் சுவரொட்டியினின்று ஒரு வகையிற் பெரிதும் வேறுபடும். பயணி எங்கு நிற்கின்றான், எங்கு செல்கின்றான், எத்தனை நிமிடம் காத்திருப்பான் என்பவற்றைச் செயலி அறியும். ஆகவே தரிப்பின் அருகிலுள்ள கடையைக் காட்டுவது ஒருவகை. அது பெரும்பாலும் தீங்கற்றது, சிலவேளை பயனுடையதுங்கூட. பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் தேநீர்க் கடை இருக்குமிடத்தை அறிவதால் இழப்பதென்ன? வழிகளின் பட்டியலில், பஸ்ஸுக்கு முன்பாக, கட்டணம் செலுத்திய வாடகை வண்டி நிறுவனத்தை ஒரு ‘வழி’ போலவே காட்டுவது மற்றொரு வகை. முன்னது மிச்செலின், பின்னது சேபர். இவ்விரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதனாலேயே இத்துறையின் விவாதங்கள் குழம்பிக் கிடக்கின்றன. அமெரிக்க வணிக ஆணையம் 2015 இல் வெளியிட்ட வழிகாட்டலும், விளம்பரம் விளம்பரமாகவே அறியப்படவேண்டும் என்பதையே வற்புறுத்தியது.

இனி உன்னிச்சையின் நிலைக்கு வருவோம். நகரில் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டவன் அடுத்ததில் ஏறுவான். அங்கு முதல் வரி தவறாயிருப்பினும் இழப்பது பத்து நிமிடம். படுவான்கரையின் உட்கிராமத்தில் வைத்தியசாலைக்குச் செல்லப் புறப்பட்டவர், பஸ் இருப்பதை இரண்டாம் திரையிற் கண்டு, முதல் வரியிற் கண்ட வண்டியை அமர்த்தினால் இழப்பது ஒருநாட் கூலி. ஆங்கிலத்திற் சிறிய எழுத்தில் ‘அனுசரணை’ என்று பொறித்துவிட்டால் அவருக்கு அறிவித்ததாகாது. 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் தனியார் செயலியின் ஓரத்திற் காணும் அச்சிறு சொல்லை எம்மொழியில் இடுவது என்பது வணிகரின் விருப்பத்துக்கே விடப்படுகின்றது.

ஏமாற்றினும் பெரிய இடர் புறக்கணிப்பேயாகும். விளம்பரதாரர் பணம் தருவது கண்களின் எண்ணிக்கைக்கு. கொழும்பு வீதியொன்றில் ஒரு மணி நேரத்திற் காத்திருப்போரின் தொகை, ஆயித்தியமலை வழியில் ஒரு நாள் முழுவதும் திரளாது. விளம்பர வருவாயில் மட்டும் தங்கியிருக்கும் செயலி உன்னிச்சையின் நேர அட்டவணையைத் திருத்துவதற்கு ஆள் வைக்கமாட்டாது. 1958 இற்கு முன்னர் பஸ் முதலாளிமார் வழிகளைத் தேர்ந்த முறையிலேயே, இவர்கள் தகவலைத் தேர்வர். தனியார் பஸ்களுக்கு 1979 இல் மீண்டும் இடமளிக்கப்பட்டபின் வருவாய் மிக்க வழிகளிலே நெரிசல் பெருகியதை அறிந்தோர்க்கு இது விளங்கும். சென்னையில் 2022 இல் மாநகரப் போக்குவரத்துக் கழக பஸ்களின் இருப்பிடத்தைக் காட்டும் செயலி அரசுத் தரப்பிலிருந்தே வந்தது. பயணத் தகவலைப் பொதுப்பணியாகக் கொள்வது இயலாத காரியமன்று.

செலவும் மலைக்கத்தக்கதன்று. போர்ட்லாந்தில் 2005 இல் நிகழ்ந்ததைப் போல, பஸ் நடத்துவோரே தம் நேர அட்டவணையைப் பொது வடிவில் எழுதி வெளியிட்டால், எந்தச் செயலியும் அதனை எடுத்தாளலாம். ஒன்று வரிசையைப் புரட்டினால் மற்றொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தரிப்பிலே தாளில் ஒட்டியும் வைக்கலாம். மட்டக்களப்பிலிருந்து உன்னிச்சைக்குச் செல்லும் பஸ்களின் நேரங்கள் யாவும், தமிழிற் பெரிய எழுத்தில் எழுதினாலும், அத்தாளின் ஒரு பக்கத்துள் அடங்கிவிடும்.