பயத்தில் ஓடிய பீமனும் பயம் தெளிந்த முத்துக்குட்டியும்

திற்பரப்புன்னு சொன்னதுமே எல்லாருக்கும் அருவிதான் ஞாபகம் வரும். கோதையாறு பாறை மேல விரிஞ்சு வந்து விழுற இடம். குளிச்சிட்டு, சூடா பஜ்ஜி தின்னுட்டு, ஈரத்தலையோட வண்டியேறிப் போயிடுவாங்க. அருவிக்குப் பக்கத்துலயே கல் மதிலுக்குள்ள மேற்கு பார்த்து ஒரு மகாதேவர் உட்கார்ந்திருக்கார். அவரைப் பார்க்கப் போறவங்க கொஞ்சம்தான். தட்சனோட யாகத்தை அழிச்ச வீரபத்திரர் வந்து அமர்ந்த இடம்னு தலபுராணம். அதாவது கோபக்கார சாமி.

ஆனா வருஷத்துல ஒரு ராத்திரி மட்டும் கதை தலைகீழா மாறிடும். அருவியை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. காவி வேட்டி, கையில பனையோலை விசிறி, இடுப்புல சின்னப் பை, செருப்பில்லாத காலு. "கோபாலா... கோவிந்தா"ன்னு கூவிக்கிட்டு ஆயிரக்கணக்குல ஓடி வருவாங்க. கோயில் வாசல்ல குளிச்சு, ஈரத்துணியோட சாமி கும்பிட்டுட்டு அடுத்த கோயிலுக்கு ஓட்டம்.

சிவாலய ஓட்டம். குமரி மாவட்டத்துக்காரங்களுக்கு விளக்க வேண்டாம். மத்தவங்களுக்காக: சிவராத்திரியை ஒட்டி, முஞ்சிறை பக்கத்துல இருக்கிற திருமலையில ஆரம்பிச்சு திருநட்டாலம் வரைக்கும் 12 சிவன் கோயில், 100 கிலோமீட்டருக்கு மேல தூரம். திற்பரப்பு அதுல மூணாவது. ஓடுறவங்களுக்கு எங்க பக்கத்துல 'கோவிந்தன்மார்'னு பேரு. வழியெல்லாம் சனங்க மோரும் சுக்குவெள்ளமும் வச்சுக்கிட்டு நிப்பாங்க. சின்ன வயசுல நானும் டம்ளர் கழுவிக் கொடுத்திருக்கேன். அதுதான் என்னோட ஆன்மீக சேவையோட உச்சம் :-)

சிவன் கோயிலுக்கு ஓடும்போது எதுக்குவே விஷ்ணு பேரைச் சொல்லுதான்னு கேட்டா, அதுக்கு ஒரு கதை இருக்கு. இந்தப் பதிவே அந்தக் கதையில இருந்துதான் ஆரம்பிக்குது.

பாண்டவங்க நடத்துற யாகத்துக்குப் புருஷாமிருகத்தைக் கூட்டிட்டு வரணும். பாதி மனுஷன், பாதி மிருகம். பெரிய சிவபக்தன். விஷ்ணு பேரைக் கேட்டாலே கொலைவெறி வந்துடும். பீமனை அனுப்புற கிருஷ்ணன் 12 ருத்ராட்சம் கொடுத்து, "மாட்டிக்கிட்டா ஒண்ணைக் கீழ போடு"ன்னு சொல்லி விடுறார். பீமன் போய் "கோபாலா கோவிந்தா"ன்னு கத்துறான். அது துரத்துது. பிடிக்கப் போற நேரத்துல ஒரு ருத்ராட்சத்தைப் போடுறான். அது லிங்கமாகிடுது. சிவனைக் கண்டதும் புருஷாமிருகம் ஓட்டத்தை நிறுத்திட்டு, குளிச்சுப் பூசை பண்ணுது. அந்த கேப்ல பீமன் மறுபடி ஓடுறான். இப்படியே 12 இடம். கடைசி இடத்துல பீமனோட ஒரு கால் புருஷாமிருகத்தோட எல்லைக்குள்ள, இன்னொரு கால் வெளியே. பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்குது. வழக்கு தருமர்கிட்ட போகுது. ஒரு கால் உள்ளே இருந்ததால பாதி உடம்பு புருஷாமிருகத்துக்குத்தான்னு தருமர் தீர்ப்பு சொல்றார். சொந்தத் தம்பி! அதுக்கப்புறம் சிவனும் விஷ்ணுவும் ஒண்ணுன்னு ரெண்டு பேருக்கும் விளங்குது. திருநட்டாலத்துல சங்கரநாராயணர் இருக்கிறதுக்குக் காரணமா இதைத்தான் சொல்றாங்க.

இந்தக் கதையில எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. பீமன் வழி நெடுக கடவுள் பேரைச் சொல்லிக்கிட்டேதான் இருக்கான். ஒரு நொடிகூட நிறுத்தலை. நம்ம பாஷையில சொல்லணும்னா, பேக்கிரவுண்டுல ஓடுற ப்ராசஸ் மாதிரி நாமம் ஓடிக்கிட்டே இருக்கு. ஆனாலும் அவனுக்குப் பயம் போகலை. கூடவே பயமும் ஓடி வருது. கடைசியில ஞானம் எப்ப வருது? தருமர் தன் வீட்டு ஆளுங்கிற பாசத்தை ஒதுக்கி வச்சிட்டு நியாயம் சொன்ன பிறகுதான்.

ஆக, இறைநினைவு இடைவிடாம இருந்துட்டா மட்டும் பயம் போயிடாது. இதை நான் சொல்லலை. இந்த மண்ணோட வரலாறே சொல்லுது.

திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தையே எடுத்துக்குவோம். 1750 ஜனவரியில மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபசாமிக்கு எழுதி வச்சிட்டார். திருப்படிதானம். அன்னையில இருந்து ராஜா வெறும் 'பத்மநாபதாசன்'. சாமியோட வேலைக்காரன். நாடே கடவுளோட சொத்து. இதைவிட இடைவிடாத இறைநினைவு ஒரு அரசாங்கத்துக்கு இருக்க முடியுமா?

அந்த வரிசையில 1829ல ஆட்சிப் பொறுப்பை ஏத்தவர் சுவாதித் திருநாள். சங்கீதம் தெரிஞ்சவங்களுக்கு அறிமுகமே வேண்டாம். கீர்த்தனைக்குக் கீர்த்தனை பத்மநாபன் பேரை முத்திரையா வச்சுப் பாடினவர். 1837ல திருவனந்தபுரத்துல வானியல் ஆய்வகம் கட்டினவர். சுசீந்திரம் கோயில்ல கொதிக்கிற நெய்யில கையை விடச் சொல்லி குற்றத்தைச் சோதிப்பாங்களே, 'கைமுக்கு'ன்னு. அதை நிறுத்தினதும் அவர் காலத்துலதான். மோசமான மனுஷன்னு சொல்லிட்டுப் போயிட முடியாது.

ஆனா அதே காலத்துல, அதே பத்மநாபனோட நாட்டுல, பாதிக்கு மேல சனங்க எப்படி வாழ்ந்தாங்க? பனையேறுறவனுக்கு ஏணிக்கும் தளைக்கும்கூட வரி. கூலி இல்லாத ஊழியம். தலைப்பாகை கட்டக்கூடாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக்கூடாது. பெண்கள் மாரை மறைச்சு மேல்துணி போடக்கூடாது, இடுப்புல குடம் வைக்கக்கூடாது. இன்ன சாதிக்காரன் இத்தனை அடி தள்ளி நிக்கணும்னு கணக்கு. கோயில் பக்கமே போக முடியாது. திற்பரப்பு மகாதேவரையும் அவங்க பார்த்திருக்க முடியாது. கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12ல. அதுவரைக்கும் 'கோவிந்தா'ன்னு கூவிக்கிட்டு அந்தக் கோயில்களுக்குள்ள போகக் கூட, சரியான சாதியில பிறந்திருக்கணும்.

மேல இருந்து வந்த பயம் இது. கீழ இருந்தும் ஒரு பயம் வந்துச்சு. மாடன், இசக்கி, பேய், பிசாசு, செய்வினை. வெள்ளிக்கிழமையானா கோழி, கொடையானா கிடா. கொடுக்கலைன்னா சாமி அடிச்சிரும். பகல்ல அதிகாரிக்குப் பயம், ராத்திரியில பேய்க்குப் பயம். பயம் தெளிஞ்சு உட்கார்ந்து யோசிக்க நேரமே கிடையாது.

இங்கதான் முத்துக்குட்டி வர்றார்.

1809ல, இப்போ சாமிதோப்புன்னு சொல்ற ஊர்ல, பொன்னு நாடாருக்கும் வெயிலாளுக்கும் பிறந்தவர். பெத்தவங்க ஆசையா வச்ச பேரு 'முடிசூடும் பெருமாள்'. இந்தச் சாதிப்பிள்ளைக்கு முடியா, அதுவும் பெருமாளான்னு மேல்சாதிக்காரங்க சண்டைக்கு வர, பேரை 'முத்துக்குட்டி'ன்னு மாத்தினாங்களாம். பேரு வைக்கிறதுக்கே பயப்பட வேண்டிய காலம்.

இருபதுகள்ல கடுமையான நோய். 1833 மாசியில திருச்செந்தூருக்குக் கூட்டிட்டுப் போறாங்க. அங்கே கடலுக்குள்ள இறங்கிப் போனவர் மூணாம் நாள் திரும்பி வந்து, 'நான் முத்துக்குட்டி இல்லை, வைகுண்டர்'னு சொன்னதா அய்யாவழி மரபு. மாசி 20ஐ இன்னைக்கும் அவதார நாளா கொண்டாடுறாங்க. நம்புறவங்களுக்கு அவர் நாராயணனோட அவதாரம். எனக்கு அந்த விவாதத்துக்குள்ள போற தகுதியில்லை. திரும்பி வந்த மனுஷன் என்ன செஞ்சார்ங்கிறதுதான் நான் பார்க்கிறது.

முதல்ல பேய்ப்பயத்துல கைவச்சார். பலி வேண்டாம், காணிக்கை வேண்டாம், பேயெல்லாம் எரிஞ்சு போச்சுன்னு சொன்னார். பயத்துக்குக் கட்டுற வரியை நிறுத்தினார்னு வச்சுக்கலாம்.

அப்புறம் தலைப்பாகை. ஊருக்குள்ள தலையில துணி கட்டக்கூடாதுன்னு இருந்த ஆம்பளைங்களை, சாமி கும்பிடும்போது தலைப்பாகை கட்டிக்கிட்டு வரச் சொன்னார். ராஜாவுக்குக் கிரீடம் மாதிரி உனக்கு இது. இன்னைக்கும் சாமிதோப்புப் பதிக்குள்ள ஆண்கள் தலைப்பாகையோடதான் போகணும். அடிமைக்கு விதிச்ச தடையே பக்தனுக்குச் சட்டமாயிடுச்சு.

அடுத்தது கிணறு. முத்திரிக்கிணறு. எந்தச் சாதியானாலும் ஒரே கிணத்துல தண்ணி எடுக்கலாம், குளிக்கலாம். கிணத்தைத் தொட்டா தீட்டுன்னு இருந்த ஊர்ல இது எவ்வளவு பெரிய விஷயம்னு நினைச்சுப் பாருங்க.

அப்புறம் துவையல் தவசு. தேங்காய்த் துவையல் இல்ல மக்கா, துணி துவைக்கிற துவையல்! நூத்துக்கணக்கான குடும்பங்கள் கன்னியாகுமரி பக்கத்துக் கடற்கரையில, வாகைப்பதியிலயும் முட்டப்பதியிலயும் ஒண்ணாத் தங்கினாங்க. தினம் கடல்ல குளிச்சு, துணி துவைச்சு, ஒரு வேளை மரக்கறி சாப்பாடு, கூட்டா பிரார்த்தனை. தவம்னா காட்டுல தனியா கண்ணை மூடி உட்காரணும்னு நாம நினைக்கிறோம். இவர் பெண்டு பிள்ளைகளோட, ஊரோட சேர்த்துத் தவம் பண்ண வச்சார். அழுக்குச் சாதின்னு ஊர் சொன்ன சனங்க, தங்களோட சுத்தத்தைத் தாங்களே ஏற்படுத்திக்கிட்டாங்க. எந்த மந்திரவாதியும் தேவைப்படலை.

கடைசியா கண்ணாடி. பதியிலயும் நிழல்தாங்கல்லயும் கருவறைக்குள்ள சிலை கிடையாது. ஒரு கண்ணாடி, ரெண்டு பக்கமும் விளக்கு. உள்ளே எட்டிப் பார்த்தா தெரியறது நம்ம மூஞ்சிதான். கோயிலுக்குள்ள எட்டிப் பார்க்கவே தகுதியில்லைன்னு சொல்லப்பட்டவன், தலைப்பாகையோட நிமிர்ந்து நின்னு, சாமி இருக்க வேண்டிய இடத்துல தன்னையே பார்க்கிறான். பின்னால 1927ல நாராயண குருவும் களவங்கோடத்துல கண்ணாடியைப் பிரதிஷ்டை பண்ணினார். அவரும் இளவயசுல நம்ம மருத்துவாமலைக் குகையில தவம் இருந்தவர்தான்.

இதையெல்லாம் அரசாங்கம் சும்மா பார்த்துக்கிட்டு இருக்குமா? 1838ல முத்துக்குட்டியைப் பிடிச்சுட்டுப் போய் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்புச் சிறையில போட்டாங்க. வானியல் ஆய்வகம் தொடங்கின மறு வருஷம். பசிச்ச புலிக்கு முன்னால நிறுத்தினாங்க, சுண்ணாம்புக் காளவாசல்ல வச்சாங்கன்னு மரபுக் கதைகள் உண்டு. 110 நாள்னு கணக்கு சொல்றாங்க. 1839 மாசியில விடுதலை. வெளியே விடுறதுக்கு முன்னாடி, 'உன் சாதிக்காரங்களோட மட்டும்தான் இருப்பேன்'னு எழுதிக் கொடுக்கச் சொன்னாங்களாம். அவர் மறுத்துட்டாருன்னு சொல்லுவாங்க.

என்னை ரொம்ப நேரம் யோசிக்க வச்ச இடம் இதுதான். ராஜாவும் பத்மநாபனோட அடியவர். கைதியும் நாராயணன் பேரைச் சொல்றவர். ரெண்டு பேருக்கும் ஒரே சாமி. ரெண்டு பேரும் இடைவிடாத நினைப்புல வாழ்ந்தவங்க. ஆனா ஒருத்தரோட பக்தி கோயிலுக்குள்ள நாதமா நிறைஞ்சுது, வெளியே இருந்தவனோட பயம் அப்படியே இருந்துச்சு. இன்னொருத்தரோட பக்தி நேரா பயத்துமேலயே கைவச்சுது. வைகுண்டரோட சீடர் அரிகோபாலன் சீடர் எழுதி, 1841ன்னு காலம் சொல்லப்படுற அகிலத்திரட்டு அம்மானையில ராஜா 'கலிநீசன்' ஆனது வெறும் அரசியல் கோபம் இல்லைன்னு நினைக்கிறேன். சாமி பேரைச் சொல்லிக்கிட்டே சனங்களைப் பயத்துல வச்சிருக்கிறதுக்கு அந்த மக்கள் வச்ச பேருதான் கலி.

இன்னொரு விஷயத்தையும் பாருங்க. வைகுண்டர் 1851ல காலமானார். திருவிதாங்கூர்ல அடிமைமுறை ஒழிஞ்சது 1855ல. மேல்துணி போடுற உரிமை 1859 ஜூலைப் பிரகடனத்துலதான் வந்துச்சு, அதுவும் ஏகப்பட்ட நிபந்தனைகளோட. கோயில் கதவு திறந்தது 1936. இதுல ஒண்ணைக்கூட அவர் கண்ணால பார்க்கலை. இந்தச் சட்டங்களுக்குப் பின்னால மிஷனரிகளோட உழைப்பு உண்டு, வெள்ளைக்காரன் கொடுத்த நெருக்கடி உண்டு, தெருவுல இறங்கி அடிவாங்கின பெண்களோட பிடிவாதம் உண்டு. எல்லாத்தையும் ஒருத்தர் கணக்குல எழுத முடியாது. ஆனா சட்டம் வரட்டும், அதுக்கப்புறம் நிமிரலாம்னு அவர் சனங்களைக் காத்திருக்கச் சொல்லலை. இன்னைக்கே தலையில துணியைக் கட்டுன்னார்.

பயம் இல்லாம இருக்கிறதுன்னா நமக்கெல்லாம் சினிமா ஹீரோ மாதிரி பத்து பேரை அடிக்கிறது. இல்லைன்னா எதையும் கண்டுக்காம சாந்தமா உட்கார்ந்திருக்கிறது. ரெண்டுமே பாதிதான்னு தோணுது. எனக்கு எதைப் பார்த்தும் பயமில்லைங்கிறது ஒரு பாதி. என்னைப் பார்த்து எவனும் பயப்பட வேண்டாம்ங்கிறது மறுபாதி. ராஜாக்கள் முதல் பாதியை எளிதா சம்பாதிச்சிடுவாங்க. ரெண்டாவது பாதி வரணும்னா, தம்பிக்கு எதிரா தீர்ப்பு சொன்ன தருமர் மாதிரி, தன் பக்கத்தையே கேள்வி கேட்கிற தைரியம் வேணும். இது ராஜாவுக்கு மட்டுமில்லை. வீட்டு வேலைக்காரம்மா நம்ம சோபாவுல உட்காரத் தயங்குறாங்களா, டீம்ல புதுசா சேர்ந்த பையன் நம்மகிட்ட சந்தேகம் கேட்கப் பயப்படுறானான்னு பார்த்தா, நம்ம ஆன்மீகத்தோட மார்க் தெரிஞ்சிடும்.

இன்னைக்கு சிவாலய ஓட்டத்துல யாரும் யாரோட சாதியைக் கேட்டு வழி மறிக்கிறதில்லை. திற்பரப்பு நடைக்குள்ள எல்லாரும் போகலாம். அடுத்த தடவை அருவிக்கு வந்தீங்கன்னா ஒரு எட்டு கோயிலையும் பார்த்துட்டுப் போங்க. நேரமிருந்தா அப்படியே மாவட்டத்தோட மறுமூலைக்கு, சாமிதோப்புக்கும் போயிட்டு வாங்க. சட்டையைக் கழட்டிட்டு, துண்டைத் தலையில கட்டி, அந்தக் கண்ணாடி முன்னாடி ஒரு நிமிஷம் நில்லுங்க.

உள்ளே தெரியிற ஆளைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லைன்னா, கும்பிட்டுக்கலாம். தப்பில்லை.