குழந்தையின் முதற் புண்



போர்க்களத்தில் வீரர் பெற்ற புண்களைப் பற்றி வரலாறு நிறையப் பேசுகிறது. ஆனால், பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றும் பெறும் முதற் புண்ணைப் பற்றி அது பேசுவது குறைவு. தொப்புட்கொடி அறுத்த இடமே அந்தப் புண். அதனைத் தூய்மையாகப் பேணும் அறிவு கல்முனைக் கரையின் வீடுகளுக்குள் வந்த வரலாற்றை இன்று சிறிது நோக்குவோம்.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று முதலிய ஊர்களில் வீடு என்பது பெண்ணுக்கு உரியது. மணம் முடிக்கும் மகளுக்கு வீடு கொடுப்பதும், மாப்பிள்ளை அங்கே வந்து வாழ்வதும் இக்கரையில் முஸ்லிம்களுக்கும் தமிழர்க்கும் பொதுவான வழக்கம். குடிமுறையும் தாய்வழியே வருவது. ஆதலால், முற்காலத்தில் பிள்ளை பெறும் பெண்ணின் அருகே உம்மாவும் உம்மம்மாவும் சாச்சியும் இருந்தனர், மருத்துவிச்சியும் இருந்தாள். நாற்பது நாளும் தாயையும் சேயையும் காத்தவர்கள் இப்பெண்களே. அன்புக்கு அங்கே குறைவில்லை. ஆயினும், அன்பு மட்டும் தடுக்க இயலாத நோய் ஒன்று உண்டு. அதுதான் ஏற்புவலி.

நன்றாகப் பால் குடித்த குழந்தை, சில நாட்களில் குடிக்க மாட்டாது, தாடை இறுகும், உடல் வில்லாக விறைக்கும். பெரும்பாலும் மரணமே முடிவு. இந்நோயின் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருப்பது. தூய்மையற்ற கத்தியும், புண்ணில் இடும் சாம்பலும் சாணமும் அதற்கு வழி திறந்துவிடும். உலகின் பல நாடுகளில் இவ்வாறு நேர்ந்தது. 1889ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் கிட்டசாட்டோ அக்கிருமியைத் தனியே பிரித்தெடுத்த பின்னரே காரணம் ஐயமின்றித் தெளிவாயிற்று.

அதற்கு முன்னரே இத்துறை நூல்கள் தமிழில் வந்துவிட்டன. 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்னும் வைத்தியர், பிரசவம் பார்ப்போர் கைகழுவினால் தாய்மார் இறப்புக் குறையும் என்று காட்டினார். அதே ஆண்டில் அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் கற்பித்த அவர், 1857இல் பிரசவ வைத்தியத்தையும் 1867இல் இரண வைத்தியத்தையும் தமிழில் வெளியிட்டார். தாய்க்கு ஒரு நூல், புண்ணுக்கு ஒரு நூல்! எனினும், நூல் கற்ற வைத்தியர் ஆடவர். பிரசவ அறையோ பெண்களுடையது. நூலறிவு அவ்வறையின் வாசலைக் கடக்கப் பெண்களே வேண்டியிருந்தது.

1879இல் கொழும்பில் டி சொய்சா பிரசவ இல்லம் திறக்கப்பட்டது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தது. தாய் வைத்தியசாலைக்கு வரட்டும் என்று காத்திராமல், பயிற்சி பெற்ற மருத்துவமாது வீட்டுக்கே செல்லவேண்டும் என்பது அதன் கொள்கை. அவ்வமைப்பு பின்னர் நாடெங்கும் பரவியது. மலேரியாக் கொள்ளைநோய் வாட்டிய 1935இல், உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 குழந்தைகள் ஓராண்டுக்குள் மாண்டன. 1947இல் அத்தொகை 101 ஆகக் குறைந்தது. மலேரியா ஒழிப்பும் கல்வியும் வைத்தியசாலைகளும் இதற்குத் துணைநின்றன. மருத்துவமாதின் கால்நடைக்கும் இதில் உரிய பங்குண்டு. 1969 முதல் கருவுற்ற தாய்மாருக்கு ஏற்புவலித் தடுப்பூசி இடப்பட்டது. தாய்க்கு இட்ட ஊசி சேயையும் காத்தது. 2016இல் இலங்கை உள்ளிட்ட தென்கிழக்காசியப் பிராந்தியம் முழுவதிலும் தாய் சேய் ஏற்புவலி ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

இன்று ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் வைத்தியசாலையிலேயே பிறக்கின்றன. ஆனால், தாய் வீடு திரும்பும்போது கொடியின் அடி காய்ந்து விழுந்திருப்பதில்லை. அதற்கு ஓரிரு வாரம் செல்லும். அந்நாட்களில் கைகழுவித் தொடவேண்டும். அதை உலர்ந்திருக்க விடவேண்டும். சாம்பலோ எண்ணெயோ இடலாகாது. சீழோ சிவப்போ காய்ச்சலோ கண்டால், குழந்தை பால் குடிக்க மறுத்தால், தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவேண்டும். இந்த அறிவுரையைத் தாயிடம் மட்டும் கூறினால் போதாது. குழந்தையைக் குளிப்பாட்டும் உம்மம்மாவையும் அருகில் அமர்த்தி, அவர் பேசும் தமிழிலேயே மரியாதையுடன் கூறவேண்டும். அந்த வீடு பெண்களின் வீடு. அங்கே அவர் ஏற்ற சொல்லே நிலைக்கும்.