நூனிஸின் குதிரைகளும் நாயக்கர்களின் நிலமும்

விஜயநகரப் பேரரசு பற்றி இன்று பாடநூல்களில் வழங்கும் சித்திரத்தில் ஒரு பெரும்பகுதி, போர்த்துகீசியர் இருவரின் குறிப்புகளிலிருந்து வந்தது. 1520ஐ ஒட்டிக் கிருஷ்ணதேவராயரின் தலைநகரைக் கண்ட டொமிங்கோ பயஸ், சுமார் 15 ஆண்டுகள் கழித்து அங்குத் தங்கியிருந்த ஃபெர்னாவ் நூனிஸ் ஆகியோரின் எழுத்துகள் பாரிஸ் நூலகமொன்றில் கையெழுத்துப் படியாகக் கிடந்து, 1897இல் லிஸ்பனில் டேவிட் லோப்ஸால் அச்சேற்றப்பட்டன. மதராஸ் மாகாண ஆட்சிப் பணியிலிருந்த ராபர்ட் சீவெல் அவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்து 1900இல் தம் நூலோடு வெளியிட்ட பின்னரே இந்திய ஆய்வாளர்கள் அவற்றைப் பரவலாகக் கையாளத் தொடங்கினர்.

பயஸின் பலம் கண்ணால் கண்டதை எழுதியதில் இருக்கிறது. அரசர் விடியுமுன் நல்லெண்ணெய் குடித்து, உடம்பெங்கும் அதையே பூசி, அது வியர்வையாக வெளியேறும்வரை பளு தூக்கி வாள் வீசுவார் என்பதும், அவர் முகத்தில் அம்மைத் தழும்புகள் இருந்தன என்பதும், மன்னரைப் புகழ்வதற்கென்றே அமைந்த கல்வெட்டு வாசகங்களில் தேடிக் கிடைக்காத செய்திகள்.

குதிரை வணிகராகக் கருதப்படும் நூனிஸை இவ்வளவு எளிதாக ஏற்க முடியாது. முன்னாளில் நரசிம்மன் என்ற அரசன் மூன்று குதிரைக்கு ஆயிரம் பர்தாவ் என்னும் பொற்காசு கொடுத்தான், கடலில் இறந்த குதிரைக்கும் வாலைக் கொண்டுவந்து காட்டினால் விலை தந்தான் என்று அவர் எழுதும்போது, தொழிலறிந்தவரின் குரல் கேட்கிறது. ஆனால் அரச வரலாற்றை அவர் தொடங்கும் ஆண்டு 1230. பேரரசு தோன்றியதாகச் சொல்லப்படும் 1336க்கு அது ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முந்தியது.

நிலமெல்லாம் அரசருடையது, நாயக்கர் எனப்படும் படைத்தலைவர்கள் அதை அவரிடம் பெற்றுப் படையும் பணமும் தருகின்றனர் என்ற நூனிஸின் கூற்றே, நாயங்கரம் எனப்படும் முறையை நிலமானிய அமைப்பாக விளக்கியவர்களுக்குப் பெருந்துணையாயிற்று. ஐரோப்பியர் ஒருவர் தம் நாட்டு வழக்கத்தின் வழியாக அயல்நாட்டைப் புரிந்துகொண்டிருக்கக்கூடும் என்ற ஐயம் அப்போது போதிய அளவு எழவில்லை என்றே சொல்ல வேண்டும். தமிழகக் கோயில் கல்வெட்டுகளோ அதே காலத்தில் நிலம் விற்கவும் வாங்கவும் பட்டதைப் பதிந்துள்ளன. மையத்தின் பிடி அத்தனை இறுக்கமானதன்று என்று வரலாற்றாய்வாளர் பர்ட்டன் ஸ்டைன் 1980இல் வாதிட்டார். நொபோரு கராஷிமா கல்வெட்டுகளையே தொகுத்து ஆராய்ந்து, நாயக்கத்தனம் என்ற சொல் அவற்றில் வருவதையும், நாயக்கர்கள் ஊர்களைக் கோயில்களுக்கு அளித்ததையும் வரி நீக்கியதையும் எடுத்துக்காட்டி, நூனிஸ் சொன்னதில் எவ்வளவு நிற்கும் என்பதை ஊர் ஊராகச் சோதிக்க வழி செய்தார்.