வரைந்தவள் பெயர்

திருப்புலி நாட்டில் என் மாணவியின் வீட்டுக்குப் போனபோது அவளுடைய ஆயா சுவருக்குச் செம்மண் கரை கட்டிக்கொண்டிருந்தார். ஒரு கையில் துணிச்சுருள், இன்னொரு கையில் கிண்ணம். அளவுகோல் இல்லை, கயிறு இல்லை. வாசலில் தொடங்கிய கோடு மூலை திரும்பி மறுபடி வாசலுக்கு வந்தபோது ஒரு விரல்கூட ஏறி இறங்கவில்லை. யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். "இதுக்கு யாரு சொல்லித் தரணும் டீச்சரம்மா? ரெண்டு மழ பேஞ்சா போயிரும்" என்றார்.

நான் போனது பேத்தியின் புத்தகத்தைப் பார்க்க. கல்லூரி முடித்த பிறகு ஒரு சிறுவர் கதைக்குப் பன்னிரண்டு படங்கள் வரைந்து கொடுத்திருந்தாள். கைக்கு ஒரு தொகை வந்தது. பிறகு புத்தகமும் வந்தது. அட்டையில் கதை எழுதியவர் பெயர் இருந்தது. உள்ளே பதிப்பாளர் பெயர், அச்சகத்தின் பெயர், தாளின் எடைகூட இருந்தது. இவள் பெயர் எங்குமே இல்லை. "படம் போட்டவங்க பேரு போடமாட்டாங்களா மேம்?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை, விதி என்னவென்று தெரிந்துகொள்ளும் குரலில்தான் கேட்டாள். அந்தக் குரல்தான் என்னைத் தொந்தரவு செய்தது.

அவளுக்குப் பதில் சொல்லத் துர்காபாய் வியாமின் கதையிலிருந்து தொடங்கினேன்.

துர்காபாய் எழுபதுகளின் முன்பாதியில், மத்தியப் பிரதேசத்தின் மண்டலாப் பகுதிக் கிராமம் ஒன்றில், பர்தான் குடியில் பிறந்தவர். பர்தான்கள் கோண்டு மக்களின் பாணர்கள். பானா என்னும் நரம்புக் கருவியை மீட்டிக் குலவரலாறும் தெய்வக் கதையும் பாடிப் பரிசில் பெற்றவர்கள். (பானா, பாணர் என்ற ஒலி ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டாம் என்று வகுப்பில் சொல்வேன், இங்கும் சொல்கிறேன்.) பாடியவர்கள் ஆண்கள். பெண்களுக்கு இருந்தது திக்னா. திருமணத்துக்கும் பண்டிகைக்கும் வீட்டை மெழுகி, சுவரிலும் தரையிலும் வண்ண மண்ணால் இடும் வடிவக் கோலம். துர்காபாய் அதை ஆறு வயதில் பாட்டியிடம் கற்றார். பள்ளிக்கூடம் போகவில்லை. பதினைந்து வயதில் சுபாஷ் வியாமுடன் திருமணம். அவர் மண்ணிலும் மரத்திலும் உருவம் செய்பவர்.

எண்பதுகளின் தொடக்கத்தில் போபாலில் பாரத் பவன் உருவானபோது, ஓவியர் ஜே. சுவாமிநாதனின் குழு பதான்கர் என்ற ஊரில் ஜன்கர் சிங் ஷியாம் என்ற இளைஞரைக் கண்டெடுத்தது. இன்று 'கோண்டு ஓவியம்' என்று கண்காட்சிகளில் தொங்குவது பெரும்பாலும் அவர் திறந்த வழி. பாணர்கள் பாடிய தெய்வங்களை அவர் தாளுக்கும் துணிக்கும் கொண்டுவந்தார். 2001இல், நாற்பது வயதுகூட ஆகாத நிலையில், ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்துக்காக வரையப் போயிருந்த இடத்தில் தற்கொலை செய்துகொண்டார். மாதச் சம்பளமும் சங்கமும் இல்லாத கலைஞரின் வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போது அந்த மரணத்தை விட்டுவிட்டுப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

அவர் துர்காபாய்க்குக் கணவர் வழி உறவினர். தொண்ணூறுகளின் நடுவில் துர்காபாய் குடும்பம் போபாலுக்கு வந்தபோது, தாளில் வரையச் சொல்லி ஊக்கப்படுத்தியவர்களில் அவரும் ஒருவர். ஆனால் துர்காபாய் அவர் வழியிலேயே நடந்தார் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஜன்கரின் படத்துக்குப் பின்னால் ஆண்களின் பாட்டு இருக்கிறது. துர்காபாயின் படத்துக்குப் பின்னால் மெழுகிய சுவர் இருக்கிறது. அந்தச் சுவரை அவர் எங்கும் விட்டுவிடவில்லை.

2003இல் சென்னையின் தாரா பதிப்பகம் வெளியிட்ட எண்ணுப் புத்தகம் ஒன்றுக்கு அவர் வரைந்தார். ஒரு மரம். எறும்பில் தொடங்கி ஒவ்வொன்றாக விலங்குகள் ஏற, கடைசியில் யானைகளும் ஏறிவிடுகின்றன. தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரிய வேண்டும் என்று பள்ளி ஓவிய வகுப்பில் பயின்ற கை இந்தப் படத்தைப் போட்டிருக்க முடியாது. திக்னாவில் தொடுவானம் கிடையாது. சுவர் முழுவதும் ஒரே தூரத்தில் இருக்கிறது. குழந்தைகளும் அப்படித்தான் வரைகிறார்கள் என்பதால் அந்த யானைகளைப் பார்த்து எந்தக் குழந்தையும் வியப்பதில்லை.

2006இல் வந்த மரங்களின் இரவு பற்றிய புத்தகத்தில் பஜ்ஜு ஷியாம், ராம் சிங் உர்வேதி ஆகிய இருவரோடு மூன்றாமவர் இவர், ஒரே பெண். கைத்தயாரிப்புக் கறுப்புத் தாளில், ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு திரை என்று சென்னையில் கையாலேயே அச்சிட்டார்கள். 2008இல் அதற்கு இத்தாலியின் போலோன்யா சிறுவர் புத்தகச் சந்தையின் பரிசு கிடைத்தது. மூவர் பெயரும் அட்டையில் இருக்கின்றன. பாட்டி போட்ட கோலத்தில் பாட்டியின் பெயர் இருந்ததில்லை. அது ஊர் வழக்கம், பண்டிகை முறை. அதே கை அதே புள்ளிகளைத் தாளில் வைத்தபோதுதான் அதற்குக் கூலியும் கையெழுத்தும் வந்தன.

2011இல் நவயானா வெளியிட்ட 'பீமாயணம்' அவர் சுபாஷுடன் சேர்ந்து வரைந்தது. அம்பேத்கரின் வாழ்வைச் சொல்லும் படக்கதை. பத்து வயதுப் பீமுக்குத் தண்ணீர் மறுக்கப்படுவது முதல் மகாட் குளம் வரை தண்ணீரே அதன் முதல் பகுதியின் கதை. படக்கதை என்றால் பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்க வேண்டும் என்பது வழக்கம். இருவரும் மறுத்துவிட்டார்கள். ஆட்களைப் பெட்டிக்குள் அடைத்தால் மூச்சு முட்டும். எல்லோருக்கும் இடம் இருக்கும் திறந்த வெளி வேண்டும் என்பது அவர்கள் வாதம். கட்டங்களுக்குப் பதிலாகத் திக்னா பக்கத்தின் குறுக்கே நெளிந்து ஓடிக் காட்சிகளைப் பிரிக்கிறது. இதமான பேச்சு பறவை வடிவக் குமிழில் வருகிறது. சாதிச் சொல் தேள் கொடுக்கோடு வருகிறது. மனத்துக்குள் நினைப்பதற்கு ஒரு கண்.

திக்னா பெண்களின் வேலை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கங்களைப் பாருங்கள். வீட்டுத் தரையில் விளிம்பாக இருந்தது புத்தகத்தின் இலக்கணமாகிவிட்டது. படத்துக்கான வரியிலும் துர்காபாயின் பெயரே முதலில் இருக்கிறது. 2022இல் பத்மஸ்ரீ வந்தது. அதைப் பற்றிச் செய்தித்தாள்கள் நிறைய எழுதிவிட்டன.

என் மாணவி இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அவங்களுக்குப் பேர் போட்டாங்க, எனக்கு ஏன் போடலை?" என்றாள். அந்த இடத்தில் கலை வரலாறு உதவாது, சட்டம்தான் உதவும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை அவளுக்காகத்தான் உட்கார்ந்து படித்தேன். பிரிவு 17 எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. ஒருவர் கேட்டு, பணம் கொடுத்து வரையப்பட்ட ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். கதை எழுதிக் கொடுக்கும் சுயேச்சை எழுத்தாளருக்கு இந்த விதி இல்லை. ஓவியருக்கு இருக்கிறது. அதனால்தான் வரைபவள் முதல் கோட்டுக்கு முன்பே ஒப்பந்தம் எழுதிக்கொள்ள வேண்டும். எத்தனை ஆண்டுக்கு, எந்த நாட்டுக்கு, மறுபதிப்புக்கு எவ்வளவு என்று எழுத்தில் இருக்க வேண்டும். ஆனால் பிரிவு 57 இருக்கிறது. உரிமை கைமாறிய பிறகும், இது நான் படைத்தது என்று சொல்லும் உரிமை படைத்தவரிடமே இருக்கும். அவளுடைய பணத்துக்கு இப்போது வழி குறைவு. பெயருக்கு வழி உண்டு.

கொல்லிமலைக்காரிக்கு இது பொருத்தமான வழக்கு. குறுந்தொகையில் பரணர் கொல்லிப்பாவையைப் பாடுகிறார், குடவரையில் தெய்வம் எழுதியது என்று. பழந்தமிழில் எழுதுவது என்றால் வரைவதும்தான். மிதிலையில் சுவரில் ஓவியம் இடும் பெண்களும் 'எழுதுகிறோம்' என்றே சொல்கிறார்கள். பாவையின் அழகைப் பற்றி இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பேசுகிறோம், வரைந்த கையைத் தெய்வம் என்று சொல்லி முடித்துவிட்டோம். சிறுவயதில் அப்பாவின் பழைய அம்புலிமாமாக்களில் 'சித்ரா' என்ற கையெழுத்தைப் பார்த்து, படம் போடுவது ஒரு பெண் என்று நம்பிச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அது ஓர் ஆணின் புனைபெயர் என்று பின்னால் தெரிந்தது.

அன்று மாலை திண்ணையில் உட்கார்ந்து கடிதம் எழுதினோம். அடுத்த பதிப்பில் அட்டையிலும் தலைப்புப் பக்கத்திலும் பெயர் வேண்டும், கைவசமுள்ள பிரதிகளில் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும் என்று கேட்டிருந்தோம். 'தயவுசெய்து' என்று அவள் மூன்று இடத்தில் எழுதியிருந்தாள். இரண்டை அடிக்கச் சொன்னேன்.

நான் கொண்டுபோயிருந்த மரங்களின் புத்தகத்தை ஆயா எடுத்துப் புரட்டினார். கறுப்புத் தாளைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார். "கைல போட்டதா? அழியாதா?"

"அழியாது ஆயா."

"கருப்புல போட்டா கோடு எடுப்பாத்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டு, கிண்ணத்துச் செம்மண் இறுகிவிடும் என்று எழுந்து போனார்.