இரண்டு இலக்கணம் கற்ற கிட்டார்

ஓர் இசைக்கருவி எந்த நாட்டில் பிறந்தது என்பதைவிட, அது எந்த இசையைப் பேசக் கற்றுக்கொண்டது என்பதே முக்கியம். வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது. பாலுசுவாமி தீட்சிதர் போன்றோர் அதைக் கையில் எடுத்த பிறகு, வயலின் இல்லாத கர்நாடக இசைக் கச்சேரி இன்று அரிதாகிவிட்டது. ஏ.கே.சி. நடராஜனின் கிளாரினெட்டும், கத்ரி கோபால்நாத்தின் சாக்சபோனும், யு. ஸ்ரீநிவாஸின் மாண்டலினும் அவ்வாறே நம்முடையவை ஆயின. 1980-களில் சுகுமார் பிரசாத் மின்கிட்டாரில் கர்நாடக இசையை வாசித்தார். அந்த வழியில் வந்து, ஜாஸ் இசையிலும் தனக்கென ஓரிடம் பெற்றவர் பிரசன்னா.

பிரசன்னா 1970-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டுமானப் பொறியியல் படித்தார். திருவாரூர் பாலசுப்பிரமணியத்திடமும், வயலின் மேதை அ. கன்னியாகுமரியிடமும் கர்நாடக இசை பயின்றார். பிறகு அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள பெர்க்லி இசைக் கல்லூரியில் ஜாஸ், மேற்கத்தியச் செவ்வியல் இசை ஆகியவற்றைக் கற்றார். இளையராஜா, ஏ.ஆர். ரஹ்மான் ஆகியோரின் இசையிலும் இவருடைய கிட்டார் ஒலித்திருக்கிறது.

இந்தப் பயணத்தின் கடினத்தை உணர, இரண்டு இசைகளுக்கும் உள்ள வேறுபாட்டைச் சிறிது அறிய வேண்டும். கர்நாடக இசையில் ஆதார சுருதி மாறுவதில்லை. அதன்மேல் ஒரு ராகம், கமகங்களின் வழியே தன் உருவத்தைக் காட்டுகிறது. ஜாஸில் பல சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும் சுரக்கூட்டுகள் வரிசையாக மாறிக்கொண்டே இருக்கும். அவ்வரிசையின் மீது கலைஞர் தம் கற்பனையை விரிப்பார். இரண்டிலும் மனோதர்மம் உண்டு. ஆனால் ஒன்றில் நிலைத்த தரையில் நடக்கிறோம். மற்றொன்றில் நகரும் தரையில் நடக்கிறோம்.

கருவியிலும் ஒரு தடை இருக்கிறது. வீணையின் மெட்டுகள் உயரமானவை. தந்தியை நன்கு இழுத்துக் கமகம் கொண்டுவரலாம். கிட்டாரின் மெட்டுகள் தாழ்வானவை. தந்தியை வளைப்பதாலும், ஒரே தந்தியில் விரலை வழுக்கிச் செல்வதாலும் பிரசன்னா இக்குறையைக் கடக்கிறார். ஜாஸில் கிட்டாருக்கு முன்வரிசை கிடைத்ததும் எளிதாக அன்று. 1939-இல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன், அதுவரை பெரும்பாலும் தாளத்துக்குத் துணைநின்ற கிட்டாரை, மின்னொலியின் உதவியால் தனித்துப் பேசும் கருவியாக்கினார். 1970-களில் ஜான் மெக்லாக்லின் 'சக்தி' குழுவில் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயகராம் ஆகியோருடன் சேர்ந்து அதை இந்திய இசைக்கு அருகில் கொண்டுவந்தார். மெக்லாக்லின் ஜாஸிலிருந்து நம்மை நோக்கி வந்தார். பிரசன்னா நம்மிடமிருந்து ஜாஸை நோக்கிச் சென்றார்.

அவருடைய ஒலிப்பதிவுகளில் மூன்றைக் குறிப்பிட விரும்புகிறேன். 2006-இல் வெளிவந்த 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்', ராக் கிட்டாரின் மாமேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்கான அஞ்சலி. ஹெண்ட்ரிக்ஸின் 1968-ஆம் ஆண்டு இசைத்தொகுப்பான 'எலெக்ட்ரிக் லேடிலேண்ட்' என்ற பெயரை விளையாட்டாகத் திருப்பிய தலைப்பு அது. 2011-இல் வந்த 'தீர்த்தா' இவற்றில் ஆழமானது. தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயர், தபலா கலைஞர் நிதின் மித்தா ஆகியோருடன் அவர் வாசித்தது அது. ஜாஸ் குழுக்களில் வழக்கமாக இருக்கும் பேஸ் கருவியும் டிரம்ஸும் அதில் இல்லை. மூவரும் ஒருவருக்கொருவர் இடம்விட்டு வாசிப்பதைக் கேட்கும்போது, ஒருவர் மற்றவரின் இசைக்கு ஒப்பனை செய்யவில்லை என்பது புரியும். மூன்றாவது, 2016-இல் வந்த 'ஆல் டெரெய்ன் கிட்டார்'. இவை தவிர, பிளவுபட்ட உதட்டுடன் பிறந்த ஒரு சிறுமியின் கதையைச் சொல்லும் 'ஸ்மைல் பிங்கி' ஆவணப்படத்துக்கும் இசையமைத்தார். 2009-இல் ஏ.ஆர். ரஹ்மான் இரண்டு ஆஸ்கர் விருதுகளைப் பெற்ற அதே விழாவில், சிறந்த ஆவணக் குறும்படத்துக்கான விருதைப் பெற்ற படம் இது. அந்த இரவில் ரஹ்மானைக் கொண்டாடிய தமிழ்நாட்டில், பிரசன்னாவின் பெயரை அறிந்தவர் மிகச் சிலரே.

இங்கே பொருளியல் ஆசிரியனாக ஒரு கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். 1966-இல் வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் நிகழ்த்துகலைகளின் நெருக்கடியை விளக்கினார்கள். ராஜபாளையத்து நூற்பாலையில் ஒரு தொழிலாளி இன்று நூற்கும் நூல், அவருடைய பாட்டனார் நூற்றதைவிடப் பல மடங்கு. இயந்திரம் அதைச் சாத்தியமாக்கியது. ஆனால் ஒரு ராகம் தானம் பல்லவியைப் பாட நூறாண்டுக்கு முன் எவ்வளவு நேரம் ஆனதோ அவ்வளவு நேரமே இன்றும் ஆகிறது. ஆலையில் கூலி உயர்ந்தால் உற்பத்திப் பெருக்கம் அதைத் தாங்கும். கச்சேரியில் அப்படித் தாங்குவதற்கு எதுவும் இல்லை. ஆகவே சந்தையை மட்டுமே நம்பினால் கலை தளரும். அரசோ கல்வி நிறுவனமோ புரவலரோ தோள் கொடுக்கத்தான் வேண்டும்.

பிரசன்னாவின் வாழ்க்கை இதற்கு ஒரு சான்று. இரண்டு இலக்கணங்களை முழுமையாகக் கற்க வாழ்வின் பல ஆண்டுகள் தேவைப்படுகின்றன. அந்த ஆண்டுகளில் ஒரு பொறியாளராக ஈட்டியிருக்கக்கூடிய வருமானமே அவர் செலுத்திய வாய்ப்புச் செலவு. ஐ.ஐ.டி. பட்டம் பெற்றவருக்கு, இசை கைவிட்டாலும் திரும்பிச் செல்ல ஒரு வழி உண்டு. அந்த வழி இல்லாத பிள்ளைகள் என்ன செய்வார்கள்? 2010-இல் கிழக்குக் கடற்கரைச் சாலையையொட்டி அவருடைய தலைமையில் தொடங்கிய சுவர்ணபூமி இசைக் கல்விக்கழகம், தமிழ்நாட்டிலேயே அத்தகைய பயிற்சியைத் தர முயன்றது. அது வரவேற்கத்தக்க முயற்சி. ஆனால் சென்னைக்கு அருகில் உறைவிடக் கல்வி பெறுவது எல்லாக் குடும்பங்களுக்கும் இயல்வதன்று.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வளர்ந்த மாணவர்களுக்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொருளியல் கற்பித்தவன் நான். கிட்டார் வைத்திருந்த மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருந்தார்கள். மூன்று சுரக்கூட்டுகளும் சில திரைப்பாடல்களும் கற்றதோடு பலர் நின்றுவிட்டார்கள். அவர்களுக்கு விருப்பம் இருந்தது, காதும் இருந்தது. அடுத்த படியைக் காட்ட ஆசிரியர் இல்லை. படிப்பு முடிந்ததும் கிட்டார் பரணுக்குச் சென்றது.

இசை இல்லாத மண் அல்ல இது. ஆண்டாளின் ஊர் இது. மார்கழியில் இங்கு வீட்டுக்கு வீடு ஒலிக்கும் திருப்பாவை மெட்டுகள் தொன்றுதொட்டு வந்தவை என்றே பலரும் எண்ணுகிறார்கள். அவற்றுக்கு ராகம் அமைத்தவர், இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்த அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். எம்.எல். வசந்தகுமாரியின் ஒலிப்பதிவு அவற்றை ஊரெங்கும் கொண்டுசேர்த்தது. ஒரு கலைஞரின் புதுமுயற்சி, ஒலிப்பதிவின் துணையால், இரண்டு தலைமுறைக்குள் மரபாகிவிட்டது. கிட்டாருக்கும் இது நிகழலாம்.

அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. அரசு மாவட்ட இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. ஒரு காலத்தில் அந்நியக் கருவியாக வந்த வயலின் இப்பட்டியலில் இருக்கும்போது, கிட்டாரையும் சேர்க்கத் தடையென்ன? கல்லூரி நூலகங்கள் இசைப்பதிவுகளுக்கு ஓர் அலமாரியும், கேட்பதற்கு ஓர் அறையும் ஒதுக்கலாம். ஆலைகளை வளர்த்த செல்வம் பள்ளிகளையும் கல்லூரிகளையும் வளர்த்த ஊர் ராஜபாளையம். அச்செல்வத்தில் ஒரு சிறு பகுதி, நல்ல இசையாசிரியர் ஒருவரை மாதந்தோறும் இங்கு வரவழைக்கப் போதும். பிரசன்னாவைப் போல இன்னொருவர் இங்கிருந்து எழுவாரா என்று யாராலும் உறுதி கூற முடியாது. ஆனால் அப்படி எழக்கூடிய ஒரு பிள்ளையின் கிட்டார், கற்பிக்க ஆளின்றிப் பரணுக்குப் போகாமல் காப்பது நம் கையில்தான் இருக்கிறது.