அக்கரப்பத்தனையில் கட்டட அனுமதி

நுவரெலியா மாவட்டத்து அக்கரப்பத்தனைக்கு 2018ஆம் ஆண்டுத் தேர்தலோடு தனிப் பிரதேச சபை கிடைத்தது. அதுவரை இப்பகுதி நுவரெலியா பிரதேச சபைக்குள் இருந்தது. கட்டட வரைபடத்துக்கு அனுமதி வழங்குவது சபையின் வேலை. அதற்கு அடிப்படை, 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம். நகர அபிவிருத்தி அதிகார சபை அறிவித்த பகுதிகளில் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டமும் சேரும்.

மலையகத்தில் வரைபடம் மட்டும் போதாது. மண்சரிவு அபாயம் குறித்துத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையும் வேண்டும். சரிவு எவ்வளவு செங்குத்து, மண்ணை எத்தனை அடி வெட்டுவது, மழைநீர் எந்தக் கானில் இறங்கும் என்று பார்ப்பார்கள். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகள் மண்ணில் புதைந்ததை நினைத்தால், இதை வெறும் காகித வேலை என்று சொல்ல மனம் வராது.

ஒப்பந்தக்காரர்கள் 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி நிர்மாணத் தொழில் அபிவிருத்தி அதிகார சபையில் பதிவாக வேண்டும். கம்பனியாக இயங்கினால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டமும் அந்தக் கம்பனியின் அமைப்பு விதிகளும் கட்டுப்படுத்தும்.

உண்மையான சிக்கல் காணியில்தான். தோட்டக் காணி அரசுடையது. 1992 முதல் அதைப் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் நிர்வகிக்கின்றன. லயன் வாசலில் தகரம் இறக்கி ஒரு குசினி சேர்க்கவும் தோட்ட நிர்வாகத்தின் சம்மதம் தேவை. உறுதிப்பத்திரம் இல்லாதவர் தன் பெயரில் விண்ணப்பிப்பது கடினம். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைநிதி செலவிடவும் தடையாக இருந்தது. 2018ஆம் ஆண்டின் திருத்தம் அதைத் தளர்த்தியது. தோட்டக் குடும்பங்களுக்கான 7 பேர்ச் தனிவீட்டுத் திட்டங்களில் காணியுறுதி வழங்குவதே இன்றும் முதல் கோரிக்கை.